இணங்குதலிலிருந்து பங்கேற்பு வரை: உறக்க மூச்சுத்தடைக்கான காற்றழுத்தச் சிகிச்சையில் நோயாளர் கல்வியின் வரலாறு (1981–2021)

ஆய்வுச் சுருக்கம்

உறக்கத்தில் மேல் மூச்சுப்பாதை மீண்டும் மீண்டும் அடைபடுவதால் உண்டாகும் உறக்க மூச்சுத்தடை நோய்க்கு 1981ஆம் ஆண்டு முதல் தொடர் நேர்மறைக் காற்றழுத்தச் சிகிச்சை வழங்கப்பட்டு வருகிறது. 'சிபாப்' என்று சுருக்கமாக வழங்கப்படும் இச்சிகிச்சை, பயன்படுத்தும் இரவுகளில் முழுப் பயன் தருவது. பயன்படுத்தாத இரவுகளில் ஒரு பயனும் தராதது. எனவே நோயாளரைக் கருவிக்குப் பழக்குவதும், தொடர்ந்து பயன்படுத்த ஊக்குவிப்பதும் சிகிச்சையின் உட்கூறுகளாயின. இந்தக் கல்வி முயற்சிகள் எவ்வாறு தோன்றி வளர்ந்தன என்பதையும், 'நோயாளர் ஏன் கருவியைக் கைவிடுகிறார்' என்ற வினாவுக்கு மருத்துவ உலகம் அளித்த விடைகள் எவ்வாறு மாறின என்பதையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. ஆய்வுக்காக வரையறுக்கப்பட்ட ஓர் அளவுகோல் பின்னர் நிருவாக விதியாக மாறியதும், அதனால் கல்வியும் கண்காணிப்பும் ஒன்றோடொன்று கலந்ததும் இவ்வரலாற்றின் திருப்புமுனை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: உறக்க மூச்சுத்தடை, சிபாப், நோயாளர் கல்வி, இணங்குதல், ஊக்க நேர்காணல், தொலைக் கண்காணிப்பு, மருத்துவ வரலாறு.

முன்னுரை

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஒரு மருந்தோ கருவியோ கண்டறியப்பட்டதுடன் அவ்வரலாறு நிறைவுற்றதாகக் கருதப்படுகிறது. ஆனால் நீண்டகால நோய்களைப் பொறுத்தவரை, கண்டுபிடிப்புக்குப் பின்னர்தான் வரலாற்றின் கடினமான பகுதி தொடங்குகிறது. கண்டறியப்பட்ட சிகிச்சையை மக்கள் தம் அன்றாட வாழ்வில் ஏற்கிறார்களா, ஏற்காவிட்டால் அதற்கு யார் பொறுப்பு என்ற வினாக்கள் அப்போதுதான் எழுகின்றன.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு உறக்க மூச்சுத்தடையின் வரலாறு மிகவும் ஏற்றது. அதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, நோயாளர் தம் நோயைத் தாமே காண்பதில்லை. மூச்சு நிற்பதும், குருதியில் உயிர்வளி குறைவதும், மூளை விழித்து மூச்சை மீட்பதும் அவர் அறியாமல் நிகழ்கின்றன. அவருடைய நோய்க்கு அருகில் உறங்குபவரே சாட்சி. இரண்டாவது, சிகிச்சை நோயைக் குணப்படுத்துவதில்லை, கட்டுப்படுத்துகிறது. கருவியை அகற்றினால் தடை மீண்டும் தோன்றுகிறது. மூன்றாவது, மாத்திரை விழுங்குவதைப் போல இச்சிகிச்சை நொடிப்பொழுதில் முடிவதில்லை. ஒவ்வோர் இரவும் முகத்தில் கவசம் அணிந்து, குழாயுடன் இணைக்கப்பட்ட நிலையில், வாழ்வின் மிக அந்தரங்கமான நேரத்தில் அது நிகழ வேண்டியிருக்கிறது.

நோய் இனங்காணப்பட்ட வரலாறு

சார்லஸ் டிக்கன்ஸ் 1836–37ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'பிக்விக் பேப்பர்ஸ்' புதினத்தில், எந்நேரமும் உறங்கிவிழும் ஜோ என்ற பருத்த சிறுவன் இடம்பெறுகிறான். 1956ஆம் ஆண்டு சிட்னி பர்வெலும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் மிகு உடற்பருமனுடன் கூடிய மூச்சுக்குறைவு நிலையை அப்புதினத்தின் பெயரால் 'பிக்விக்கியன் நோய்க்குறித்தொகுப்பு' என்று வழங்கினர். பகல் உறக்கத்துக்குக் குருதியில் கரியமிலவாயு மிகுவதே காரணம் என அப்போது கருதப்பட்டது. இரவில் நிகழ்வது என்ன என்பது கவனத்திற்கு வரவில்லை.

1965ஆம் ஆண்டு பிரான்சில் காஸ்டோ குழுவினரும், ஜெர்மனியில் யூங், குலோ ஆகியோரும் தனித்தனியே இரவு முழுவதும் பதிவுகள் எடுத்து, உறக்கத்தின்போது மூச்சு மீண்டும் மீண்டும் நிற்பதை ஆவணப்படுத்தினர். இத்தாலியின் பொலோனியாவில் எலியோ லுகரேசி இவ்வாய்வை விரிவுபடுத்தினார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் கில்மினோ, வில்லியம் டிமென்ட் முதலியோர் 1976ஆம் ஆண்டு 'உறக்க மூச்சுத்தடை நோய்க்குறித்தொகுப்புகள்' என்ற பெயரை நிலைநிறுத்தினர். பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சோட்டம் நிற்பது ஒரு மூச்சுத்தடை என்ற வரையறையும் இக்காலத்தில் வழக்குக்கு வந்தது.

நோய்க்குப் பெயர் கிடைத்தபோதும் சிகிச்சை கடுமையானதாகவே இருந்தது. 1969ஆம் ஆண்டு குலோவும் உடன் பணியாற்றியோரும் விவரித்த மூச்சுக்குழல் துளைப்பே அடுத்த பத்தாண்டுக் காலம் உறுதியான பயன் தரும் வழியாக விளங்கியது. கழுத்தில் துளையிட்டு அடைப்புக்குக் கீழே நேரடியாகக் காற்றுப்பாதை அமைக்கும் அறுவை இது. நோயாளர் ஒருமுறை ஒப்புக்கொண்டால் போதும். அதன்பின் நாள்தோறும் அவரை ஊக்குவிக்கும் தேவை மருத்துவருக்கு இல்லை. இக்காலகட்டத்தில் நோயாளர் கல்வி என்பது தனித்த சிக்கலாக எழாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கழுத்துத் துளையிலிருந்து முகக்கவசத்திற்கு

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த காலின் சல்லிவன் 1970களின் பிற்பகுதியில் கனடாவின் டொராண்டோவில் எலியட் பிலிப்சனுடன் உறக்கத்தில் மூச்சு இயக்கம் குறித்து ஆய்வு செய்தார். சிட்னி திரும்பிய பின்னர், 1980ஆம் ஆண்டு ஜூன் மாதம், துளைப்பு அறுவை பரிந்துரைக்கப்பட்டு அதை ஏற்கத் தயங்கிய நோயாளர் ஒருவருக்கு மூக்கு வழியாகக் காற்றழுத்தம் செலுத்தி இரவு முழுவதும் பதிவு செய்தார். பிறந்த குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இத்தகைய காற்றழுத்தத்தை ஜார்ஜ் கிரிகரி 1971ஆம் ஆண்டிலேயே பயன்படுத்தியிருந்தார். அதே கொள்கையை வளர்ந்தவரின் தொண்டைக்குப் பொருத்தியதே சல்லிவனின் புதுமை.

1981 ஏப்ரலில் 'லான்செட்' இதழில் வெளியான கட்டுரை ஐந்து நோயாளரைப் பற்றியது. 4.5 முதல் 10 செ.மீ. நீர் அழுத்தம் வரையிலான குறைந்த காற்றழுத்தமே ஐவரிடத்தும் அடைப்பை முற்றிலும் தடுத்தது. தளரும் தொண்டைச் சுவரை உள்ளிருந்து தாங்கும் காற்றுச் சிம்பாக இவ்வழுத்தம் செயற்படுகிறது என்று கட்டுரையாளர்கள் விளக்கினர்.

தொடக்கக் காலக் கருவிகள் எளிதில் பயன்படுத்தத் தக்கவையாக இல்லை. தூசுறிஞ்சிகளுக்குரிய மோட்டார்கள் பெரும் இரைச்சலுடன் இயங்கின. ஒவ்வொருவரின் மூக்குக்கும் அச்சு எடுத்துக் கவசம் வார்க்கப்பட்டது. அதை இரவுதோறும் பசையால் ஒட்டிக் காலையில் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. இத்தனை இடர்களுக்கிடையிலும் முதல் தலைமுறை நோயாளர் கருவியைக் கைவிடாமைக்குக் காரணம் தெளிவு. அவர்கள் நோயின் கடுமையான எல்லையில் இருந்தவர்கள். அவர்களுக்கு இருந்த மாற்று வழி கழுத்துத் துளை. 1980களின் நடுப்பகுதியில் வணிகக் கருவிகள் சந்தைக்கு வந்தபின் நோயாளர் வட்டம் விரிந்தது. மிதமான நோயுடையோரும், மனைவியோ கணவனோ வற்புறுத்தியதால் மருத்துவமனைக்கு வந்தோரும் அதனுள் அடங்கினர். இவர்களிடம்தான் ஊக்கம் குறித்த வினா முதன்முதலில் கூர்மை பெற்றது.

சொல்லும் கணக்கும்: 1993

1993ஆம் ஆண்டில் வெளியான இரு ஆய்வுகள் இத்துறையின் போக்கை மாற்றின. முதலாவது, டெர்ரி யங் குழுவினரின் விஸ்கான்சின் ஆய்வு. 30 முதல் 60 வயது வரையிலான பணியாளரில் ஆண்களில் 4 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 2 விழுக்காட்டினருக்கும் பகல் உறக்கத்துடன் கூடிய இந்நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. அரிய நோய் என்ற எண்ணம் இதனால் அகன்றது.

இரண்டாவது, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நான்சி கிரிப்ஸும் உடன் ஆய்வாளர்களும் நிகழ்த்தியது. அதுவரை பயன்பாட்டளவு பெரிதும் நோயாளரின் வாய்மொழியைக் கொண்டே அறியப்பட்டது. இவ்வாய்வில் கருவிக்குள்ளேயே நுண்செயலி பொருத்தி, குறித்த அழுத்தத்தில் அது எவ்வளவு நேரம் இயங்கியது என்று அளந்தனர். ஆய்வுக்கு உட்பட்ட 35 பேரில் 60 விழுக்காட்டினர் நாள்தோறும் பயன்படுத்துவதாகக் கூறினர். ஆனால் கண்காணிக்கப்பட்ட நாள்களில் 70 விழுக்காட்டு நாள்களிலேனும் குறைந்தது 4 மணிநேரம் பயன்படுத்தியவர்கள் 16 பேர் மட்டுமே; அதாவது 46 விழுக்காட்டினர்.

இவ்வாய்வின் விளைவு இருவகைப்பட்டது. சிகிச்சையின் உண்மையான நிலையை வெளிப்படுத்தியது அதன் ஆக்கப்பூர்வமான பயன். அதேவேளை, நோயாளரின் சொல்லுக்கும் கருவியின் கணக்கிற்கும் முரண்பாடு நேரும்போது கணக்கையே நம்ப வேண்டும் என்ற மனப்பாங்கையும் அது வேரூன்றச் செய்தது. உறக்கத்தில் நிகழ்வதை நோயாளர் துல்லியமாக அறிய இயலாது என்பதும், நள்ளிரவில் தன்னையறியாமல் கவசத்தைக் கழற்றிவிடுதல் இயல்பு என்பதும் அம்மனப்பாங்கில் பின்தள்ளப்பட்டன. பயன்பாட்டை மிகுத்துக் கூறியோர் அனைவரும் பொய்யுரைத்தோர் அல்லர்.

ஒரு சொல்லின் மாற்றம்

1980, 90களின் ஆய்வுக் கட்டுரைகளில் நோயாளரின் நடத்தை 'இணங்குதல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறிக்கப்பட்டது. மருத்துவர் பணிப்பார், நோயாளர் இணங்குவார் என்ற உறவுமுறை அச்சொல்லில் பொதிந்துள்ளது. இணங்காதவர் இயல்பாகவே குறையுடையவர் ஆகிறார். காலப்போக்கில், தாமே ஏற்றுக்கொண்ட நெறியில் நிலைத்தல் என்ற பொருளுடைய வேறொரு சொல் அதன் இடத்தைப் பெற்றது. 2003ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் நீண்டகாலச் சிகிச்சைகள் குறித்து வெளியிட்ட அறிக்கை, நோயாளரின் உடன்பாட்டையே இவ்விரு கருத்துகளுக்குமிடையிலான வேறுபாடாகக் கொண்டது.

தமிழில் இவ்விரு கருத்துகளையும் 'பின்பற்றுதல்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது எளிது. ஆயினும் அவ்வாறு செய்தால் மேற்கூறிய வரலாற்று மாற்றம் மறைந்துவிடும். ஆகவே இக்கட்டுரை முன்னதை 'இணங்குதல்' என்றும் பின்னதை 'ஒழுகுதல்' என்றும் வழங்குகிறது. ஒழுகுதல் என்ற சொல் ஒருவர் தாமே கைக்கொண்ட நெறியைச் சுட்டுவதால் இப்பயன்பாட்டிற்குப் பொருந்துகிறது.

கல்விச் சோதனைகள்: எடின்பரோவும் சிட்னியும்

காரணம் தேடிய ஆய்வாளர்கள் முதலில் கருவியின் மீது கவனம் செலுத்தினர். மூக்கு வறட்சிக்கு ஈரமூட்டி, காற்றுக் கசிவுக்குப் புதிய கவச வடிவங்கள், தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தாமே மாற்றும் கருவிகள் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. இவை பக்கவிளைவுகளைக் குறைத்தன. ஆனால் கைவிடுதலை நீக்கவில்லை. 1997ஆம் ஆண்டு டெர்ரி வீவர் குழுவினர், தொடர்ந்து பயன்படுத்துவோரும் விட்டுவிட்டுப் பயன்படுத்துவோரும் சிகிச்சையின் நான்காம் நாளிலேயே வேறுபடத் தொடங்குகின்றனர் என்று காட்டினர். மாதங்கள் கழித்து நோயாளரைக் கண்டு அறிவுரை கூறும் வழக்கம் பெரிதும் பயன்படாது என்பதும், முதல் வாரமே முடிவு செய்யும் காலம் என்பதும் இதனால் புலப்பட்டன.

எடின்பரோவில் நீல் டக்ளஸின் உறக்க மையத்தைச் சேர்ந்த ஹோய் முதலியோர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முன்னோடியானது. 80 நோயாளர் இரு பிரிவாகப் பகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கமான கவனிப்பைப் பெற்றனர். மற்றொரு பிரிவினருக்கு வீட்டிலேயே, வாழ்க்கைத் துணையையும் உடன் வைத்துக்கொண்டு, நோயும் கருவியும் விளக்கப்பட்டன. உறக்க ஆய்வகத்தில் கூடுதல் இரவுகள் பழகும் வாய்ப்பு தரப்பட்டது. செவிலியர் வீட்டிற்குச் சென்று இடர்களைக் களைந்தனர். ஆறு மாத முடிவில் முதற்பிரிவினர் சராசரியாக 3.9 மணிநேரமும், இரண்டாம் பிரிவினர் 5.4 மணிநேரமும் பயன்படுத்தினர். துணைவரின் தூண்டுதலால் வந்தவர்களைவிடத் தாமே நாடி வந்தவர்கள் மிகுதியாகப் பயன்படுத்தினர் என்ற கண்டறிதலும் குறிப்பிடத்தக்கது. நோயின் சாட்சியாகிய துணைவரைக் கல்வியில் சேர்ப்பது தேவை. ஆனால் துணைவரின் விருப்பம் நோயாளரின் விருப்பத்திற்கு ஈடாகாது என்பதை இவ்விரு முடிவுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

சிட்னியில் ரிச்சர்ட்ஸ் முதலியோர் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு நூறு பேரைக் கொண்டது. ஒரு பிரிவினருக்குச் சிறு குழுக்களாக இரண்டு ஒருமணிநேர அமர்வுகள் நடத்தப்பட்டன. நோய் பற்றிய தவறான எண்ணங்களைத் திருத்துதல், உடல் தளர்வுப் பயிற்சி, கருவியைப் பயன்படுத்தும் உண்மையான நோயாளரின் காணொளி ஆகியவை அவற்றுள் அடங்கின. 28 நாள்களுக்குப் பின் அமர்வுகளில் பங்குகொண்ட பிரிவினர் சராசரியாக 5.38 மணிநேரமும், மற்றவர்கள் 2.51 மணிநேரமும் பயன்படுத்தினர். தன்னைப் போன்ற ஒருவர் இதைச் செய்கிறார் என்று காண்பது தன்னாலும் இயலும் என்ற நம்பிக்கையை வளர்க்கிறது. ஆல்பர்ட் பண்டூரா 1977ஆம் ஆண்டு முன்வைத்த தன்திறன் நம்பிக்கைக் கோட்பாட்டின் நேரடிச் செயலாக்கம் இது.

ஊக்க நேர்காணலின் வருகை

அறிவு மட்டும் நடத்தையை மாற்றுவதில்லை என்ற படிப்பினை மதுப்பழக்க மீட்புத் துறையிலிருந்து வந்தது. 1983ஆம் ஆண்டு வில்லியம் மில்லர் விவரித்து, 1991ஆம் ஆண்டு ஸ்டீபன் ரோல்னிக்குடன் இணைந்து நூலாக்கிய 'ஊக்க நேர்காணல்' முறையில், சிகிச்சையாளர் வாதிடுவதில்லை. மாற்றத்திற்கான காரணங்களை நோயாளரே தம் வாயால் கூறும் வகையில் வினவுகிறார். வற்புறுத்தல் எதிர்ப்பை வளர்க்கும் என்பதே இம்முறையின் அடிப்படை. மார்க் அலோயா முதலியோர் இதைக் காற்றழுத்தச் சிகிச்சைக்குத் தகவமைத்தனர்.

'கருவியைப் பயன்படுத்தாவிட்டால் மாரடைப்பு வரும்' என்று அச்சுறுத்துவதற்கும், 'பகலில் சோர்வில்லாமல் இருந்தால் எதைச் செய்ய விரும்புவீர்கள்' என்று கேட்பதற்கும் உள்ள தொலைவே இங்கு நிகழ்ந்த மாற்றத்தின் அளவு. 2020ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு 41 ஆய்வுகளையும் 9005 பங்கேற்பாளரையும் கருத்திற்கொண்டது. நடத்தைசார் முறைகள் இரவொன்றுக்குச் சராசரியாக 1.31 மணிநேரமும், கல்விசார் முறைகள் 0.85 மணிநேரமும், ஆதரவுசார் முறைகள் 0.70 மணிநேரமும் பயன்பாட்டைக் கூட்டுவதாக அது மதிப்பிட்டது. ஆய்வுகளுக்கிடையே வேறுபாடுகள் இருப்பினும், உரையாடலுக்கு அளவிடத்தக்க பயன் உண்டு என்பது இதனால் தெளிவாகிறது.

நான்கு மணிநேர அளவுகோல்

1993ஆம் ஆண்டு கிரிப்ஸ் குழுவினர் '70 விழுக்காட்டு நாள்களில் 4 மணிநேரம்' என்று வகுத்தது, தம் ஆய்வில் 'ஒழுங்கான பயன்பாடு' எது எனப் பிரித்துக்காட்டுவதற்கான வரையறை. 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் அதையே விதியாக்கியது. முதல் மூன்று மாதங்களுள் தொடர்ச்சியான 30 நாள்களில் இவ்வளவை எட்டினால் மட்டுமே கருவிக்கான செலவு தொடர்ந்து ஏற்கப்படும் என்பது அவ்விதி.

இதன் பொருத்தப்பாடு ஐயத்திற்குரியது. 2007ஆம் ஆண்டு வீவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, நோயாளர் தாமே உணரும் பகல் உறக்கம் சீரடைய 4 மணிநேரமும், ஆய்வகத்தில் அளவிடப்படும் உறக்கநாட்டம் சீரடைய 6 மணிநேரமும், அன்றாடச் செயல்திறன் மேம்பட 7.5 மணிநேரமும் உரிய எல்லைகளாக அமைந்தன. அதாவது, 4 மணிநேரம் என்பது சிலருக்குப் போதுமானது, பலருக்குப் போதாதது. மூன்றரை மணிநேரம் பயன்படுத்தி ஓரளவு நலம் பெறுபவர் விதியின்படி தோற்றவர்; நான்கேகால் மணிநேரம் பயன்படுத்தியும் சோர்வு நீங்காதவர் வென்றவர். கருவி மிகவும் தேவைப்படும் தொடக்கக் காலத்தில் திணறுபவரிடமிருந்தே கருவி திரும்பப் பெறப்படுகிறது என்பது இவ்விதியின் முரண்.

பிரான்சில் இதே சிக்கல் நீதிமன்றத்தை எட்டியது. தொலைவழிப் பதிவாகும் பயன்பாட்டளவோடு காப்பீட்டுத் தொகையைப் பிணைக்கும் ஆணைகள் அங்கு 2013ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்டன. அவ்வாறு நிபந்தனை விதிக்கும் அதிகாரத்தைச் சட்டம் அமைச்சர்களுக்கு வழங்கவில்லை என்று கூறி, நாட்டின் உச்ச நிருவாக நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு அவற்றை நீக்கியது.

சான்றும் வாக்குறுதியும்

நோயாளருக்கு எதைக் கற்பிப்பது என்பது சான்றைப் பொறுத்தது. 1997ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இச்சிகிச்சைக்கான சான்று போதாது என்று வாதிட்டது. 1999ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் ஸ்ட்ராட்லிங் குழுவினர் 107 ஆண்களிடம் உண்மையான அழுத்தத்தையும் பயனளிக்காத குறை அழுத்தத்தையும் ஒப்பிட்டனர். உண்மையான அழுத்தம் பெற்றோரின் எப்வொர்த் உறக்கநாட்ட மதிப்பெண் 15.5இலிருந்து 7ஆகக் குறைந்தது. மற்றவர்க்கு 15இலிருந்து 13 ஆயிற்று. பகல் உறக்கம் நீங்கும் என்று நோயாளரிடம் உறுதியாகக் கூற இது வலுவான அடிப்படை தந்தது.

இதயநலம் குறித்த வாக்குறுதிக்கு அத்தகைய அடிப்படை கிட்டவில்லை. இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில், இதய அல்லது மூளைக் குருதிநாள நோயுடைய 2717 பேரிடம் நிகழ்த்தப்பட்டு 2016ஆம் ஆண்டு வெளியான 'சேவ்' ஆய்வில், இச்சிகிச்சை மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றைக் குறைக்கவில்லை. உறக்கநாட்டமும் மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. சராசரிப் பயன்பாடு 3.3 மணிநேரமே என்பதால் சிகிச்சை பயனற்றதா, பயன்பாடு போதாததா என்ற விவாதம் தொடர்கிறது. எவ்வாறாயினும், அச்சத்தை அடிப்படையாகக் கொண்ட ஊக்குவிப்பு சான்றின் எல்லையை மீறுகிறது என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

தொலைக் கண்காணிப்பும் நம்பிக்கையும்

கருவிகள் இணைய இணைப்புப் பெற்றபின் ஒவ்வோர் இரவின் கணக்கும் மறுநாளே மருத்துவமனையை அடைகிறது. அமெரிக்காவில் கைசர் பெர்மனென்டே நிறுவனத்தில் 1455 பேரிடம் நிகழ்ந்து 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பில் 3.8 மணிநேரமும், இணையவழிக் கல்வி சேர்ந்தபோது 4.0 மணிநேரமும், தொலைக் கண்காணிப்பும் அதையொட்டிய தானியங்கிச் செய்திகளும் சேர்ந்தபோது 4.4 மணிநேரமும், இரண்டும் இணைந்தபோது 4.8 மணிநேரமும் பயன்பாடு இருந்தது. செய்தியை ஒருமுறை வழங்குவதைவிட, நாள்தோறும் ஒருவர் கவனிக்கிறார் என்ற உணர்வு மிகுதியாகப் பயன்படுகிறது.

எடின்பரோச் செவிலியரின் வருகையும் இக்கவனிப்பும் ஒரே தேவையை நிறைவேற்றுபவை. ஆனால் செவிலியர் நோயாளரின் பேச்சைக் கேட்டார். கருவி கணக்கை மட்டுமே அனுப்புகிறது. அக்கணக்கு உதவிக்கும் பயன்படும், செலவை மறுப்பதற்கும் பயன்படும். 2021 ஜூனில், இரைச்சல் தடுக்கும் நுரைப்பொருள் சிதைவதன் காரணமாக ஃபிலிப்ஸ் நிறுவனம் பல இலட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப் பெற்றது. நாள்தவறாமல் பயன்படுத்தியவர்களே அந்நுரையின் துகள்களுக்கு மிகுதியாக ஆட்பட நேர்ந்திருக்கும். நம்பிக்கை என்பது நோயாளர் மட்டும் காட்ட வேண்டிய கடப்பாடு அன்று என்பதை அந்நிகழ்வு நினைவூட்டியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• நோயாளர் கல்வி இத்துறையில் தொடக்கத்திலேயே தோன்றவில்லை. அறுவையின் இடத்தை இரவுதோறும் அணியும் கருவி பெற்றதும், மிதமான நோயுடையோர் நோயாளராக்கப்பட்டதும் அதன் தேவையை உருவாக்கின.

• கைவிடுதலுக்கான காரணம் முதலில் கருவியிலும், பின்னர் நோயாளரின் அறியாமையிலும், அதன்பின் அவருடைய ஊக்கத்திலும் தேடப்பட்டது. ஒவ்வொரு விடையும் முந்தியதை நீக்கவில்லை, அதனுடன் சேர்ந்தது.

• தொடக்க நாள்களில், துணைவரின் பங்கேற்போடு, நோயாளரின் சொந்த நோக்கங்களை முன்னிறுத்தி நிகழும் உரையாடலே மிகுதியான பயன் தந்துள்ளது.

• ஆய்வு வரையறை நிருவாக விதியானபோது, ஊக்குவிப்பின் மொழி மீண்டும் இணங்குதலின் மொழிக்குத் திரும்பியது. சொல் மாறியும் உறவு மாறவில்லை.

'எத்தனை மணிநேரம் பயன்படுத்தினீர்கள்' என்ற வினா இன்று கருவியாலேயே விடையளிக்கப்படுகிறது. 'ஏன் கழற்றினீர்கள்' என்ற வினாவுக்கு நோயாளர் மட்டுமே விடையளிக்க முடியும். நாற்பதாண்டு வரலாற்றில் பயன் தந்த முயற்சிகளுள் பல இரண்டாம் வினாவுக்குச் செவிசாய்த்தவை. அவ்வினாவைக் கேட்பதற்கான நேரமும் பணியாளரும் எவ்வாறு ஒதுக்கப்படுகின்றன என்பது தனித்து ஆராயத்தக்கது.